யதீமும் இருவகைச் சோதனையும்

‘யதீம்’ என்னும் சொல்லுக்கு அறபு அகராதிகளில் இரு பொருள் காண்கிறோம். பருவம் எய்துமுன் தந்தையை இழந்த பிள்ளை என்பது ஒன்று. தனக்கு இணையின்றித் தனித்து விளங்குவது என்பது மற்றொன்று. விலைமதிப்பற்ற ஒற்றை முத்தை ‘துர்ரத்துன் யதீமா’ என்பர் அறபியர். ஹிஜ்ரி 429இல் மறைந்த ஸஆலிபீ, தம் காலத்துக் கவிஞர்களைப் பற்றித் தொகுத்த பெருநூலுக்கு ‘யதீமத்துத் தஹ்ர்’ என்று பெயரிட்டதும் இப்பொருள் பற்றியே. இழப்பையும் அருமையையும் ஒரே சொல்லில் அம்மொழி சேர்த்து வைத்திருப்பது எண்ணத்தக்கது.

பிள்ளை பருவம் அடைந்ததும் யதீம் என்னும் பெயர் சட்டப்படி நீங்கிவிடுகிறது. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பருவம் வேறு, பக்குவம் வேறு. முன்னதை ‘புலூக்’ என்றும், பின்னதை ‘ருஷ்து’ என்றும் ஃபிக்ஹு நூல்கள் பிரித்துரைக்கின்றன. முன்னது உடலில் தானே நிகழ்வது. பின்னது அப்படித் தானே வந்துவிடுவதன்று. பெற்றவர் நிழல் இல்லாத ஒரு பிள்ளைக்கு அது எங்கிருந்து வருகிறது, யார் வழியாக வருகிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு இரண்டு ஏடுகளை அருகருகே விரித்துக்கொள்வோம். ஒன்று, விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, இங்கிலாந்தில் எழுந்த நாவல்கள். அநாதைப் பிள்ளை துன்பங்களைக் கடந்து நிறைமனிதராகும் கதை அக்காலத்து நாவலாசிரியர்க்கு மிகவும் உகந்ததாக இருந்தது. மற்றொன்று, அதே அரசியின் ஆட்சியில் நம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடிய தாது வருஷத்துப் பஞ்சத்தின் வரலாறு. முன்னதில் கற்பனை யதீம்கள். பின்னதில் பெயரறியா மெய்யான யதீம்கள். இவ்விரண்டையும் இணைக்கும் இழை, பார்வைக்குத் தோன்றுவதைவிட உறுதியானது.

நாவலில் வந்த மூன்று பிள்ளைகள்

1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வறியோர் சட்டம் திருத்தியமைக்கப்பட்டது. உடல் வலிவுள்ள ஏழை உதவி வேண்டினால் வீட்டைவிட்டு வந்து ஏழையர் விடுதியில் அடைபட வேண்டும். அவ்விடுதி வாழ்வோ, வெளியிலுள்ள கடைநிலைக் கூலியாளின் வாழ்வினும் இழிந்ததாக இருத்தல் வேண்டும். அத்தனைக்கும் உடன்பட்டு ஒருவன் உள்ளே வந்தால்தான் அவன் மெய்யான ஏழை. இதுவே அச்சட்டத்தின் உட்கருத்து. இதனை ‘விடுதிச் சோதனை’ என்றே வழங்கினர். உதவியைக் கசப்பாக்கினால் பொய்யர் விலகுவர், செலவு குறையும் என்பது கணக்கு.

இந்தச் சோதனையின் நடுவே ஒரு குழந்தையைப் பிறக்கச் செய்தார் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1837இல் மாத இதழொன்றில் தொடங்கிய ‘ஆலிவர் டுவிஸ்ட்’ கதையில், தாய் விடுதியிலேயே பிள்ளையைப் பெற்று இறக்கிறாள். நீர்த்த கஞ்சியில் வளர்ந்த அச்சிறுவன், பசித்த தோழர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்ததனால், இன்னும் சிறிது கஞ்சி கேட்டு நிற்கிறான். அதையே பெருங்குற்றமாகக் கருதி அவனை அடைத்துவைக்கின்றனர். டிக்கன்ஸ் இதைப் பார்வையாளராக மட்டும் எழுதவில்லை. 1824இல் அவர் தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, பன்னிரண்டு வயதில் காலணி மை செய்யும் பட்டறையில் வேலைக்கு நின்றவர் அவர். ஆனால், அவருடைய ஆலிவர் எவ்வாறு மீள்கிறான்? அவனுடைய பிறப்பின் இரகசியம் வெளிப்படுகிறது. நற்குடிப் பிறப்பு தெரியவருகிறது. நல்லவர்கள் அவனை ஏற்கின்றனர். ஆலிவர் காப்பாற்றப்படுகிறானேயன்றி, வளர்ந்து பக்குவப்படுவதை நாம் காண்பதில்லை.

1860, 61 ஆண்டுகளில் டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ இதனினும் ஆழமானது. பிப் என்னும் அநாதைச் சிறுவன் கொல்லுப்பட்டறையில் அக்காள் கணவனிடம் வளர்கிறான். யாரோ ஒருவருடைய பெருஞ்செல்வம் திடுமென அவன் கைக்கு வருகிறது. அவன் இலண்டன் சென்று சீமானைப் போல் வாழ்ந்து கடனாளியாகிறான். தன்னை அன்போடு வளர்த்த கொல்லனைக் கண்டு கூசுகிறான். செல்வம் முழுதும் போன பின்னரே அவனுக்குக் கண் திறக்கிறது. பிறகு அவன் மிஸ்ரு நாட்டுக் காயிரோ நகருக்கு வணிக நிலையமொன்றின் ஊழியனாகச் சென்று, ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடனைத் தீர்க்கிறான். பக்குவத்துக்கு முன்னே பொருள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இக்கதை ஓர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது பிள்ளை ஒரு பெண். சார்லட் பிராண்டே என்னும் பெண்மணி ஆண் பெயர்போல ஒலிக்கும் புனைபெயரில் 1847இல் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலின் தலைவி அவள். கைக்குழந்தையாக இருந்தபோதே தாய்தந்தையர் இருவரும் காய்ச்சலில் மறைகின்றனர். தாய்மாமன் எடுத்து வளர்க்கிறார். அவரும் இறக்கும்போது, பிள்ளையைத் தன் பிள்ளைபோல் வளர்க்கும்படி மனைவியிடம் வாக்குப் பெறுகிறார். அந்த மாமி, திருமதி ரீட், வாக்கைச் சொல்லளவில் மட்டும் காத்தாள். ஜேனுக்கு அவ்வீட்டில் சோறு உண்டு, இடமில்லை. பத்து வயதில் அவள் லோவுட் என்னும் தரும விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள்.

அப்பள்ளியின் பொருளாளர் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்னும் மதகுரு. ஒருநாள் காலைக் கஞ்சி கருகி உண்ண முடியாமற்போகவே, பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுக்கச் செய்கிறார் தலைமையாசிரியை மிஸ் டெம்பிள். அதற்காக அவரைக் கண்டிக்கிறார் பொருளாளர். உடலுக்கு ஊட்டினால் ஆன்மா மெலிந்துவிடும் என்பது அவர் வாதம்! பின்பு பள்ளியில் காய்ச்சல் பரவிப் பிள்ளைகள் பலர் மடிகின்றனர். இதுவும் முற்றும் கற்பனையன்று. சார்லட்டும் உடன்பிறந்தாரும் பயின்ற கோவன் பிரிட்ஜ் பள்ளியில் நோயுற்றே அவருடைய தமக்கையர் மரியாவும் எலிசபெத்தும் 1825இல் இறந்தனர்.

இக்கதையில் நம் ஃபிக்ஹு மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஜேனுடைய தந்தையின் சகோதரர் மதீராத் தீவில் வணிகம் செய்து பொருளீட்டியவர். அவர் ஜேனைத் தேடிக் கடிதம் எழுதுகிறார். தம் செல்வத்தை அவளுக்கே விட்டுச்செல்ல விரும்புகிறார். கடிதம் மாமியின் கையில் கிடைக்கிறது. அவள் மூன்றாண்டுகள் அதை மறைத்துவைக்கிறாள். பிள்ளை லோவுட்டில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று பதிலும் எழுதிவிடுகிறாள். அவள் ஒரு காசும் எடுக்கவில்லை. எனினும் யதீமின் உரிமையை மறைத்தாள். யதீமின் பொருளை உண்பது என்பது பணத்தை எடுப்பது மட்டுமே என்று எண்ணுவோர்க்கு இந்தப் பாத்திரம் ஒரு பாடம்.

ஜேன் வளர்கிறாள், ஆசிரியையாகிறாள், ஒரு பெரிய வீட்டில் பிள்ளைக்குக் கற்பிக்கும் வேலைக்குச் செல்கிறாள். அவ்வீட்டுத் தலைவர் அவளை மணக்க விரும்புகிறார். மணநாளன்று அவருக்கு முன்னமே மனைவி இருப்பது தெரியவருகிறது. இங்கிலாந்தின் சட்டப்படி அம்மணம் செல்லாது. ஆயினும் தம்மோடு தங்கிவிடும்படி அவர் மன்றாடுகிறார். ஜேன் மறுத்து, விடியுமுன் வெறுங்கையோடு வெளியேறுகிறாள். பன்றிக்கென வைத்த பழங்கஞ்சியை வாங்கி உண்ணும் நிலை வருகிறது. பின்பு ஒரு சிற்றூரில் ஏழைப் பெண்களுக்குப் பள்ளி நடத்துகிறாள். அதன் பிறகே மதீராவின் செல்வம் அவளை வந்தடைகிறது. 20,000 பவுன்! அதை நான்காகப் பங்கிட்டு, தன்னைக் காத்த மூன்று உறவினர்க்கும் ஆளுக்கு 5,000 பவுன் கொடுத்து, தான் 5,000 வைத்துக்கொள்கிறாள். அவ்வுறவினருள் ஒருவர், தம்மை மணந்து இந்தியாவுக்கு மதப்பணிக்கு வரும்படி வற்புறுத்தி, ஹிந்துஸ்தானி மொழியையும் கற்பிக்கிறார். மனமில்லாத மணத்தை அவள் அங்கும் மறுக்கிறாள். கதை முடிவில், தான் முன்பு கற்பித்த சிறுமி கடுமையான பள்ளியொன்றில் வெளிறி மெலிந்திருப்பதைக் கண்டு, அவளை அங்கிருந்து எடுத்து நல்ல பள்ளியில் சேர்க்கிறாள். லோவுட்டில் வாடிய பிள்ளை இன்னொரு பிள்ளையை வாட விடவில்லை.

மூன்று கதைகளையும் ஒப்பிட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஆலிவருக்குப் பிறப்பு கைகொடுத்தது. பிப்புக்குப் பொருள் முந்தியது, பக்குவம் பிந்தியது. ஜேனுக்குப் பக்குவம் முந்தியது, பொருள் பிந்தியது. ஆகவேதான் அவளுக்கு வந்த பொருள் அவளைக் கெடுக்கவில்லை.

தாது வருஷத்துச் சேலம்

இனி இரண்டாவது ஏட்டுக்கு வருவோம். 1876இல் பருவமழைகள் பொய்த்தன. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்த நம் மானாவாரி மண் வெடித்துக் கிடந்தது, ஏரிகள் வறண்டன, கால்நடைகள் மடிந்தன, வாங்குவோர் இல்லாமையால் நெசவாளர் தறிகள் ஓய்ந்தன. தாது ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மிகக் கொடிய சேதமுற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகள் அன்று சேலத்தைச் சேர்ந்தவை. நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்து, 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்து, பின்னர் மீண்டும் சேலத்தைச் சேர்ந்து, 1997இல் தனி மாவட்டமாயிற்று.

1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை 19,66,995. பத்தாண்டு கழித்து, 1881இல் எடுத்த கணக்கில் 15,99,595. பெருகியிருக்க வேண்டிய தொகை 3,67,400 குறைந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. இறந்தோர், ஊரைவிட்டு அகன்றோர், பிறக்காமற்போன பிள்ளைகள் யாவரும் இவ்வெண்ணில் அடக்கம். இதனுள் எத்தனை யதீம்கள் மறைந்திருப்பர் என்பதைப் படிப்போர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

நாவலுக்கும் பஞ்சத்துக்கும் உள்ள தொடர்பு இங்கே தொடங்குகிறது. அப்போது இந்தியாவின் வைசிராயாக இருந்தவர் லிட்டன் பிரபு. 1877 சனவரி முதல் நாள் டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தவர் இவரே. இவர் தந்தை எட்வர்டு புல்வர் லிட்டன், அக்காலத்துப் பெயர்பெற்ற நாவலாசிரியர். டிக்கன்ஸின் நெருங்கிய நண்பர். பிப்பின் கதைக்கு டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவை மாற்றுமாறு யோசனை கூறியவரும் இந்தத் தந்தையே. ஒரு கற்பனை அநாதையின் முடிவு துயரமாக இருக்கலாகாது என்று தந்தை இரங்கினார். அவருடைய மகனின் ஆட்சியில் மெய்யான அநாதைகள் சாலையோரங்களில் கிடந்தனர்.

பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த லிட்டன் அனுப்பிய தூதர் சர் ரிச்சர்டு டெம்பிள். 1877 தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த அவர், நிவாரண வேலையில் நாளெல்லாம் உழைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம் தானியம். கல்லுடைப்பவன் அதில் உயிர் தரிக்க இயலாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தெழுதினார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்த்தப்பட்டது. லோவுட் பள்ளியில் பிள்ளைகளுக்கு இரங்கிய பெண்மணியின் பெயரும் டெம்பிள். நம் நாட்டில் படியைக் குறைத்தவரின் பெயரும் டெம்பிள். பெயர் ஒற்றுமை தற்செயலானதே. ஆனால், பிராக்கிள்ஹர்ஸ்டின் கணக்கும் ரிச்சர்டு டெம்பிளின் கணக்கும் ஒத்திருப்பது தற்செயலன்று. நிவாரணம் வேண்டுவோர் வீட்டிலிருந்து தொலைவிலுள்ள முகாமுக்கு நடந்து வர வேண்டும். அங்கே வேலை செய்ய வேண்டும். கிடைப்பது மிகக் குறைவாக இருக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு வருபவனே மெய்யாகப் பசித்தவன். இதனைத் ‘தொலைவுச் சோதனை’, ‘உழைப்புச் சோதனை’ என்றனர். 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின் அதே சிந்தனை கப்பலேறி வந்து சேலத்துச் சாலைகளில் இறங்கியது.

நீதியோடு பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 1877இல் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு விடுத்த வேண்டுகோளை ஏற்று இலண்டன் மேயர் நிதி திரட்டினார். ஆலிவருக்காகக் கண்ணீர் விட்ட எளிய ஆங்கிலக் குடும்பங்கள் பல அதற்கு மனமுவந்து வழங்கின. கிறித்தவ மிஷன்கள் அநாதைப் பிள்ளைகளை ஏற்று இல்லங்கள் நடத்தின. தனிமனிதர் இரக்கத்தில் குறைவில்லை. சோதனை என்னும் பெயரால் கதவை இறுக்கிய ஆட்சிமுறையே குறையுடையது. பஞ்சம் தணிந்த பின் 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. அவை அடுத்த பஞ்சங்களுக்கு உதவின. தாது வருஷத்துப் பிள்ளைகளுக்கோ காலம் கடந்துவிட்டது.

கண்டியில் எழுந்த கதை

பிழைப்புத் தேடிச் சேலத்தார் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போயினர். அவர்கள் நடந்த பாதை கண்டி மலைநாட்டுக்கு ஏறியது. அதே கண்டி நகரில் வாழ்ந்த முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவர், தமிழில் ஒரு பிள்ளையின் பயணத்தை நாவலாக எழுதினார். அவரே அறிஞர் மு. கா. சித்திலெப்பை.

1838இல் பிறந்த அன்னார், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மிஸ்ரு நாட்டு விடுதலைத் தலைவர் அஹ்மத் உறாபி பாஷாவை ஆங்கிலேயர் 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தியபோது, அவரோடு சேர்ந்து சமுதாயக் கல்விக்குப் பாடுபட்டார். 1885இல் வெளியிட்டதே ‘அசன்பே சரித்திரம்’. ஈழத்துத் தமிழின் முதல் நாவல் அதுவென்பது அறிஞர் கொள்கை. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. மிஸ்ரில் உயர்குடியில் பிறந்த அசன், குழந்தைப் பருவத்தில் சூழ்ச்சியால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிறான். இந்தியாவில் அயலார் கையில் வளர்கிறான். துன்பங்களைத் தாண்டிக் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்கிறான். இறுதியில் தாய்தந்தையரை அடைந்து ‘பே’ என்னும் பட்டமும் பெறுகிறான்.

பெற்றோர் உயிரோடிருப்பதால் அசனை யதீம் என்று ஃபிக்ஹு கூறாது. எனினும் வளரும் காலமெல்லாம் அவன் நிலை யதீமின் நிலையே. ஆலிவரைப்போல அசனுக்கும் பிறப்பின் உண்மை இறுதியில் கைகொடுக்கிறது. ஆனால், சித்திலெப்பை பிறப்பை மட்டும் நம்பவில்லை. கல்வியை நடுவில் நிறுத்தினார். முஸ்லிம் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், கல்வி பெறுவதற்காக வாழ்நாளைச் செலவிட்டவர் அவர் என்பதை நினைத்தால், அசனின் கதை அன்னாரின் கல்விப் பணியின் மற்றொரு வடிவமென்றே தோன்றுகிறது. அவர் 1898இல் மறைந்தார்.

மறைநூல் கூறும் சோதனை

அநாதைக்குச் சோதனை வைக்க வேண்டும் என்று திருக்குர்ஆனும் கூறுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை நோக்குக. யதீம்களை மணப்பருவம்வரை சோதித்து வரவேண்டும். அவர்களிடம் பக்குவம் காணப்பட்டால் அவர்களுடைய பொருளை ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று விரைந்து உண்டுவிடலாகாது. ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. சோதனை, பக்குவம், ஒப்படைப்பு என்னும் வரிசையை உற்று நோக்குக. பிப்பின் கதையில் தலைகீழானதும், ஜேனின் கதையில் நேராக அமைந்ததும் இந்த வரிசையே.

சோதனை என்ற சொல் ஒன்றாயினும் பொருள் நேர்மாறு. வறியோர் சட்டத்தின் சோதனை, வந்தவனை விலக்குவதற்கு. மறையின் சோதனை, வளர்ந்தவனிடம் ஒப்படைப்பதற்கு. அங்கே சோதிப்பவர் தம் பணப்பையைக் காக்கிறார். இங்கே சோதிப்பவர் யதீமின் பணப்பையைக் காக்கிறார்.

சோதிப்பது எவ்வாறு? ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலில் இதனை மிக நுட்பமாக வகுத்துள்ளார். வணிகன் பிள்ளையைக் கொள்வதிலும் கொடுப்பதிலும் விலை பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவன் பிள்ளையைப் பயிர்த்தொழிலிலும் ஆட்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். கைத்தொழிலாளியின் பிள்ளையை அத்தொழிலில் சோதிக்க வேண்டும். பெண் பிள்ளையை நூல் நூற்பது முதலிய காரியங்களிலும், உணவைப் பூனை போன்றவற்றிடமிருந்து காப்பதிலும் சோதிக்க வேண்டும். அதுவும் ஒருமுறையன்று, பலமுறை. இப்பகுதியை நடத்தும்போது பூனை வந்ததும் மாணவர் நகைப்பது வழக்கம். நகைப்பு அடங்கியதும் நாம் அவர்களிடம் கேட்பதுண்டு: வீட்டுப் பொருளைக் காக்கும் பொறுப்பை ஒரு பெண் பிள்ளையிடம் உண்மையாகவே ஒப்படைத்துப் பார்த்த வலீ உங்கள் ஊரில் எத்தனை பேர் உண்டு? அப்போது அவையில் நகைப்பொலி எழுவதில்லை.

பக்குவம் வராவிட்டால்? இங்கே இமாம்கள் வேறுபடுகின்றனர். ருஷ்து காணும்வரை பொருளை ஒப்படைக்கலாகாது, எத்தனை வயதானாலும் சரி என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, 25 வயது நிரம்பினால் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அவர்களுடைய மாணவர் இருவரும், அபூயூசுஃபும் முஹம்மதும், இதில் ஆசிரியரோடு உடன்படவில்லை. சேலம், நாமக்கல் பகுதி ஜமாஅத்துகளில் ஹனஃபீகளே மிகுதியாதலால் இக்கருத்து நமக்கு அணுக்கமானது. ஒரு சாரார் பொருளின் பாதுகாப்பை நோக்கினர். இமாமவர்கள் மனிதனின் கண்ணியத்தை நோக்கினார்கள். பொறுப்பாளன் பக்குவம் வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே ஆயுள் முழுதும் அடக்கி வைத்துவிடக் கூடாதல்லவா?

விக்டோரியாவின் ஆட்சியில் இந்திய மேஜர் வயதுச் சட்டம் 1875இலும், காப்பாளர் சட்டம் 1890இலும் இயற்றப்பட்டன. முதற்சட்டம் 18 வயதைப் பொது எல்லையாக வைத்தது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைக்கு 21 வயது என்றிருந்த விதிவிலக்கு 1999இல் நீக்கப்பட்டது. ஆட்சிக்கு ஓர் எண் வேண்டியிருப்பதை நாம் குறைகூறவில்லை. எண் பருவத்தைத்தான் காட்டும். பக்குவத்தைக் காட்டுவதற்குக் கூடவே இருந்து கவனிக்கும் ஒரு மனிதர் வேண்டும்.

நம்முடைய வரலாறு அத்தகைய மனிதர்களைக் காட்டுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதில் அன்னையையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள். சிறிய வயதில் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. பின்னர், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருள் ஒப்படைக்கப்பட்டது. ‘அல்அமீன்’ என்னும் பெயர் ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காத்ததனால் வந்த பெயர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து தந்தையை இழந்தவர்கள். தாய் அவர்களை மக்காவுக்கு அழைத்து வந்தார். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆசிரியர் அப்பிள்ளையை விலக்கவில்லை. தாம் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்து, அதையே கூலியாக ஏற்றார். பதினைந்து வயதளவில் ஃபத்வா கூறவும் ஆசிரியர் முஸ்லிம் இப்னு காலித் அனுமதித்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். ஏழை யதீமிடம் நம்பிப் பொறுப்பைக் கொடுத்த ஓர் ஆசிரியர் இல்லையேல் நமக்கு ஒரு மத்ஹபே கிடைத்திராது என்று சொன்னாலும் மிகையாகாது.

இன்று நம் முன் உள்ளது

அண்டை மாநிலத்தில் திரூரங்காடி யதீம்கானா 1943இல் தொடங்கப்பட்டது. பசியும் காலராவும் மலபாரை வாட்டிய காலம் அது. சோறிடுவதோடு அவ்வமைப்பினர் நின்றுவிடவில்லை. 1968இல் அவர்கள் நிறுவிய கல்லூரி இன்றும் தன் பெயரிலேயே யதீம்கானா என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. யதீமை ஏற்பது என்றால் கஞ்சித்தொட்டி வைப்பது மட்டுமன்று என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று பஞ்சமில்லை. ஆயினும் யதீம்கள் உண்டு. லாரித் தொழிலை நம்பிய ஊர்கள் இவை. வெளிமாநிலச் சாலைகளில் உயிரிழந்து, உடலாக வீடு திரும்பும் தந்தையர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஊரே வருகிறது. நாற்பது கழிந்த பின் அப்பிள்ளைகளின் வண்டிக்கும் கடைக்கும் மனைக்கும் கணக்கு எழுதுபவர் யார்? பெரும்பாலும் பெரியத்தா, சிறியத்தா, மாமு என்று நெருங்கிய உறவினரே பொறுப்பேற்கின்றனர். பலர் உண்மையாகவே பாடுபடுகின்றனர். கேடு நினைப்பவர் சிலரே. ஆனால், நல்ல எண்ணமுள்ள பெரியவர்கள் செய்யும் குறை ஒன்று உண்டு. பிள்ளைக்கு உணவும் உடையும் கொடுக்கின்றனர்; கணக்கைக் காட்டுவதில்லை. ‘சின்னப்பிள்ளை, இதெல்லாம் எதற்கு?’ என்று அன்போடு விலக்கிவிடுகின்றனர். பின்பு ஒருநாள் பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு, அவன் பிப்பைப்போல் தொலைத்தால், ‘கொடுத்தோம், கெடுத்தான்’ என்று கைகழுவுகின்றனர். சோதனை என்னும் முதற்படியைத் தவறவிட்டவர்கள் தாமே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பெண் பிள்ளையாயின் ஒப்படைப்பு என்னும் பேச்சே எழுவதில்லை. மணமுடித்துக் கொடுத்ததோடு கணக்கு தீர்ந்ததாகக் கருதப்படுகிறது. அவளுடைய வாரிசுப் பங்கு வேறு, மணச் செலவு வேறு என்பதை நாம் ஆலிம்களும் மிம்பரில் போதுமான அளவு எடுத்துரைப்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் நாம் முன்வைப்பது எளிய காரியமே. மஹல்லாவிலுள்ள யதீம்களின் பெயர்களையும் அவர்களுக்குரிய சொத்துகளையும் ஒரு தனிப் பதிவேட்டில் எழுதிவைப்போம். பொறுப்பாளர் ஆண்டுக்கொருமுறை இரு சாட்சிகள் முன்னிலையில் கணக்கைப் படிக்கட்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், அந்த அவையில் அமர்ந்து கேட்கட்டும். சந்தைக்கு அனுப்பி ஒரு சிறு தொகையை அவர்களிடமே கொடுத்துச் செலவெழுதச் செய்வோம். முதல்முறை பிழைபட்டால் கடிந்துகொள்ளாமல் மறுமுறையும் கொடுப்போம். பலமுறை சோதிக்க வேண்டும் என்று மின்ஹாஜ் விதித்திருப்பதன் பொருள் அதுவேயன்றோ?

தாது வருஷத்தில் இம்மண்ணில் திரிந்த பிள்ளைகளுக்கு நாம் இனி ஒன்றும் செய்ய இயலாது. அவர்களுடைய பெயர்கள்கூட நம்மிடம் இல்லை. நம் தெருவில் இப்போது ஓடி விளையாடும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியும். தகப்பனார் விட்டுச்சென்றது என்ன என்பதும் தெரியும். அந்தப் பெயரையும் பொருளையும் இவ்வாண்டே பதிவேட்டில் எழுதத் தொடங்குவோமாக. வல்ல நாயன் நம் வலீகளுக்கு அமானிதம் காக்கும் உறுதியையும், நம் யதீம்களுக்கு ருஷ்தையும் அருள்வானாக!